கொழுப்பு மாத்திரையும் இரத்த அழுத்தமும்

இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்போர் இன்று நம் கிராமங்களில் தெருவுக்குச் சிலரேனும் உளர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தின் வாயிலாக, வைத்தியசாலைக்குச் செல்ல இயலாத முதியோருக்கு அம்மாத்திரைகள் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேருகின்றன. அழுத்தத்திற்கு ஒன்று, நீரிழிவுக்கு ஒன்று என்று உண்டு வந்தவர்களில் சிலருக்கு இப்பொழுது மூன்றாவதாக இன்னொரு மாத்திரையும் எழுதித் தரப்படுகிறது. "இது கொழுப்புக்கு, இரவில் ஒன்று" என்று மருத்துவர் சொல்லி அனுப்புகிறார். கூட்டம் மிகுந்த நாளில் அதற்குமேல் விளக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை.

அந்த மாத்திரையைக் கையில் வாங்கியவர் மனத்தில் இரண்டு எண்ணங்கள் தோன்றுவது இயல்பு. கொழுப்பு குறைந்தால் கொதிப்பும் தானே இறங்கிவிடும். ஆகையால் பழைய மாத்திரை இனி எதற்கு என்பது ஒன்று. மூன்று மாதமாக உண்டும் அழுத்தம் முன்போலவே இருக்கிறது; ஆகையால் இந்தப் புதிய மாத்திரையால் பயனில்லை என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் அழுத்த மாத்திரையை நிறுத்தச் செய்யும். இரண்டாவது எண்ணம் கொழுப்பு மாத்திரையை நிறுத்தச் செய்யும். எதை நிறுத்தினாலும் உடனே உடம்பில் ஒரு மாறுதலும் தெரியாது. பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஒரு நாள் பக்கவாதமோ மாரடைப்போ வரும்போது, நிறுத்திய மாத்திரையின் நினைவே வீட்டாருக்கு இராது. ஆதலால் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் இரத்த அழுத்தத்தை உண்மையில் என்ன செய்கின்றன என்பதைச் சிறிது விரிவாகவே ஆராய்வோம்.

அரிசியில் பூத்த பூஞ்சணம்

கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் உணவினால் மட்டுமே உடம்பில் சேர்வது என்று பலரும் கருதுகின்றனர். அது முழு உண்மை அன்று. நம் உடம்பே அதைத் தயாரிக்கிறது. கல்லீரல் அதில் முக்கியப் பங்கு கொள்கிறது. உயிரணுக்களின் சவ்வுகளுக்கும், பித்த நீருக்கும், சில சுரப்பு நீர்களுக்கும் அது தேவை. அளவுக்கு மிஞ்சி இரத்தத்தில் சுற்றும்போதுதான் தமனிகளின் உட்சுவரில் புகுந்து படிகிறது.

இத்தயாரிப்பைத் தடுக்கும் பொருளை முதன்முதலில் கண்டவர் ஜப்பான் தேசத்தைச் சேர்ந்த அகிரா எண்டோ என்னும் அறிஞர். இவர் 1933ஆம் ஆண்டு அந்நாட்டின் வடபகுதியில் அகிட்டா என்னும் மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றியபோது, ஏறத்தாழ 6,000 பூஞ்சண வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1973இல் தாம் தேடிய பொருளைக் கண்டார். கியோட்டோ நகரத்துத் தானியக் கடையொன்றின் அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் அது இருந்தது. நம் வீடுகளில் அரிசியில் பூஞ்சணம் கண்டால் முகம் சுளித்து எறிந்துவிடுவோம். அவர் அதை வளர்த்தார். அவர் கண்ட பொருள் நேரே மருந்தாக விற்பனைக்கு வரவில்லை. ஆயினும் அதே இனத்தைச் சேர்ந்த மருந்தொன்று 1987இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதன்பின் வந்த அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் முதலியவற்றையெல்லாம் சேர்த்து ஸ்டாட்டின் மருந்துகள் என்பர். எண்டோ 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

ஸ்டாட்டின் செய்யும் வேலை யாது? கல்லீரல் கொலஸ்டிராலைத் தயாரிக்கத் துணைபுரியும் ஒரு நொதியை அது தடுத்து நிறுத்துகிறது. கையிருப்பு குறைந்துபோன கல்லீரல், தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளுகிறது. இரத்தத்தில் தீய கொழுப்பின் அளவு இவ்வாறே குறைகிறது.

இதற்கும் அழுத்தத்திற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு இங்கேதான் இடம் பிறக்கிறது. தமனியின் உட்புறத்தில் மெல்லிய ஒரு படலம் உள்ளது. அப்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சிறு அளவில் வெளியிட்டுக் குழாயைத் தளர்த்திக் கொடுக்கிறது. குழாய் தளர்ந்தால் அழுத்தம் குறையும். கொழுப்பு மிகுந்த இரத்தத்தில் இப்படலம் தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. ஸ்டாட்டின் கொடுத்தால் ஓரளவு சீர்ப்படுகிறது. ஆகவே அழுத்தமும் குறையக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்தது நியாயமே. ஆனால் குறையக்கூடும் என்பது வேறு, குறைந்தது என்பது வேறு.

எப்படி அளந்தார்கள்

புதிய உரமொன்று வந்தால் வேளாண்மைத் துறையினர் என்ன செய்கின்றனர் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ஒரே நிலத்தை இரு பாத்திகளாக்கி, ஒன்றில் உரமிட்டு மற்றொன்றில் இடாமல் விட்டு, மற்ற எல்லாவற்றையும் இரண்டுக்கும் ஒன்றுபோலவே செய்து, அறுவடையில் ஒப்பிடுகின்றனர். உரமிடாத பாத்தி இல்லாவிட்டால், நல்ல மழையால் வந்த விளைச்சலை உரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

மருந்துக்கும் இதே முறைதான். இரத்த அழுத்தத்தின் விஷயத்தில் இது இன்னும் அவசியம். ஏனெனில் அழுத்தம் நிலையான ஒன்று அன்று. வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்தவுடன் அளந்தால் ஒரு கணக்கு, ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தபின் அளந்தால் வேறு கணக்கு. பேசிக்கொண்டே கையை நீட்டினாலும், காப்பி குடித்துவிட்டு வந்தாலும் ஏறும். அன்றியும், அதிகமாய் இருந்த நாளில் மருத்துவரிடம் வந்தவருக்கு அடுத்த முறை அளக்கும்போது எந்த மருந்தும் இல்லாமலேகூடச் சற்றுக் குறைந்து காணப்படுவது வழக்கம். எனவே ஒரு சாராருக்கு மருந்தும், மற்றொரு சாராருக்கு அதே உருவமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாதவாறு நடத்திய சோதனைகளையே நாம் நம்பலாம்.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரப் பல்கலைக்கழகத்தார் இவ்வகைச் சோதனை ஒன்றின் முடிவை 2008இல் வெளியிட்டனர். 973 ஆண்களும் பெண்களும் அதில் பங்கு கொண்டனர். ஆறு மாதம் ஸ்டாட்டின் உண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட, மேல் அழுத்தம் சராசரி 2.2 அலகும் கீழ் அழுத்தம் 2.4 அலகும் குறைந்திருந்தன. இதற்கு ஓராண்டு முன்னர், சிறியனவும் பெரியனவுமாக 20 சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்ட இத்தாலிய அறிஞர்களும் ஏறக்குறைய இதே முடிவுக்கே வந்திருந்தனர். மேல் அழுத்தம் சராசரி 1.9 அலகும், தொடக்கத்திலேயே 130க்கு மேல் இருந்தவர்களுக்கு 4 அலகும் குறைந்ததாக அவர்கள் கண்டனர்.

அழுத்தம் மிகுந்தவர்களுக்கே மிகுதியாகக் குறைகிறது என்று இதைப் படித்து மகிழ்ந்தவர்கள் உண்டு. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அதே இத்தாலியில், இரத்தக் கொதிப்பும் மிகுகொழுப்பும் ஒருங்கே உடைய 508 பேரைத் தேர்ந்து, எல்லோருக்கும் அழுத்தத்திற்குரிய சிகிச்சையைக் கொடுத்து, அதன்மேல் பாதிப் பேருக்கு மட்டும் ஸ்டாட்டின் கொடுத்து, சராசரி 2.6 ஆண்டுகள் கவனித்தனர். வைத்தியசாலையில் அளந்ததோடு நில்லாமல், 24 மணி நேரமும் உடம்பில் மாட்டி வைக்கும் கருவியாலும் அளந்தனர். 2010இல் வெளியான முடிவு யாதெனில், ஸ்டாட்டின் சேர்த்தவர்களுக்கு அழுத்தம் கூடுதலாகக் குறையவில்லை என்பதே.

நமது கிராமத்து நோயாளிக்கு மிக நெருங்கிய சோதனை இதுதான் என்பது நம் கருத்து. அவரும் அழுத்த மாத்திரை உண்டுகொண்டே கொழுப்பு மாத்திரை உண்பவர் அல்லவா? அழுத்த மருந்து ஏற்கெனவே குழாய்களைத் தளர்த்திவிட்ட இடத்தில், ஸ்டாட்டின் செய்வதற்கு அதிகமாய் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை போலும்.

இரண்டு அலகு என்பது அற்பமா என்று கேட்கலாம். ஒரு பெரிய ஜன சமுதாயம் முழுவதற்கும் சராசரி அழுத்தம் 2 அலகு குறைந்தால் அது அற்பம் அன்று. பத்து இலட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002இல் வெளியான ஆராய்ச்சி, நடுவயதினரிடத்தில் மேல் அழுத்தம் 2 அலகு குறைவாக இருப்பது பக்கவாத மரணங்கள் சுமார் 10 சதவிகிதம் குறைவாக இருப்பதோடு தொடர்புடையது என்று காட்டிற்று. ஆனால் 160இல் நிற்கும் ஒருவரை 140க்குக் கீழே கொண்டுவர இரண்டு அலகு போதாது. கையில் பட்டை கட்டி அளக்கும்போது அந்த இரண்டு அலகு கண்ணுக்கே புலப்படாது.

அழுத்தம் சமம், விளைவு வேறு

அப்படியாயின் கொதிப்பு நோயாளிக்கு இம்மருந்து எதற்கு? இதற்கு விடை தந்த சோதனை, பிரிட்டன், அயர்லாந்து, ஸ்காண்டிநேவிய நாடுகள் ஆகியவற்றில் நடந்து 2003இல் வெளியாயிற்று. அதில் சேர்ந்த 10,305 பேரும் இரத்தக் கொதிப்பு உடையவர்கள்; 40 முதல் 79 வயதினர். புகைத்தல், நீரிழிவு முதலான வேறு மூன்று இடர்களேனும் அவர்களுக்கு இருந்தன. கொழுப்போ மிக அதிகமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. எல்லோருக்கும் அழுத்த மருந்து. அவர்களுள் 5,168 பேருக்கு அதனோடு 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின். எஞ்சிய 5,137 பேருக்கு வெற்று மாத்திரை.

சோதனை முடிவில் இரு சாராரின் அழுத்தத்தையும் பார்த்தபோது, இரண்டும் சுமார் 138க்கு 80 என்றே இருந்தன. அளவுக் கருவியை மட்டும் நம்பியிருந்தால், மருந்து உண்டவர் யார், உண்ணாதவர் யார் என்று சொல்லியிருக்கவே முடியாது. ஆனால் உயிர் தப்பிய மாரடைப்பும் இருதய நோய் மரணமும் சேர்ந்த கணக்கு, வெற்று மாத்திரை உண்டோரில் 154. அட்டோர்வாஸ்டாட்டின் உண்டோரில் 100. பக்கவாதமும் 121இலிருந்து 89 ஆகக் குறைந்தது. ஐந்து ஆண்டு நடத்த எண்ணியிருந்த சோதனையை, நன்மை தெளிவாகத் தெரிந்துவிட்டமையால், 3.3 ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டனர்.

இந்த எண்களை மிகைப்படுத்தவும் கூடாது. ஆயிரம் பேர் மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் இம்மருந்தை உண்டால், அவர்களுள் சுமார் 11 பேர் மாரடைப்பிலிருந்து தப்புகின்றனர் என்பதே இதன் பொருள். மற்றவர்களுக்கு அக்காலத்தில் வெளிப்படையான பயன் ஒன்றும் இல்லை. மொத்த மரணங்களிலும் ஐயத்துக்கிடமில்லாத வேறுபாடு அதற்குள் தோன்றவில்லை. எனினும் மாரடைப்பு வந்து ஒரு குடும்பத்தின் உழைப்பாளி படுத்துவிட்டால் அக்குடும்பம் படும் பாட்டை அறிந்தவர்கள், ஆயிரத்தில் 11 என்பதைச் சிறிதென்று தள்ளமாட்டார்கள்.

இதற்கு முந்திய ஆண்டில், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்டு 10,355 கொதிப்பு நோயாளிகளிடம் நடந்த மற்றொரு சோதனையில் இவ்வாறு தெளிவான நன்மை தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். அங்கே வெற்று மாத்திரை கொடுக்கவில்லை. ஒரு சாராரை வழக்கமான சிகிச்சைக்கு விட்டனர். அவர்களிலும் பலர் நாளடைவில் தத்தம் மருத்துவரிடம் ஸ்டாட்டின் வாங்கி உண்ணத் தொடங்கிவிட்டனர். உரமிடாத பாத்திக்கும் உரம் வழிந்தோடிவிட்டால் விளைச்சலில் வேற்றுமை எப்படித் தெரியும்?

21 நாடுகளில் 12,705 பேரிடம் நடந்து 2016இல் வெளியான சோதனை, இவ்விரு மருந்துகளின் எல்லைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது. தெற்காசிய மக்களும் அதில் இருந்தனர். 10 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் இருதய நோய்களையும் பக்கவாதத்தையும் சுமார் கால் பங்கு குறைத்தது. அழுத்த மருந்தோ எல்லோருக்கும் பயன் தரவில்லை; தொடக்கத்தில் மேல் அழுத்தம் 143.5க்கு மேல் இருந்தவர்களுக்கே தந்தது. அழுத்தம் உண்மையில் மிகுந்தவருக்கு அழுத்த மருந்து வேண்டும். இருதய இடர் மிகுந்தவருக்கு ஸ்டாட்டின் வேண்டும். இரண்டும் உள்ளவருக்கு இரண்டுமே வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

அழுத்தத்தை ஏற்றிய மருந்து

கொழுப்பைச் சீர்செய்யும் எந்த மருந்தும் அழுத்தத்திற்கு நல்லதாகவே இருக்கும் என்று எண்ணுவோர் டார்செட்ராபிப் என்ற மருந்தின் கதையை அறிய வேண்டும். இது ஸ்டாட்டின் இனத்தைச் சேர்ந்தது அன்று. நல்ல கொழுப்பு என்று சொல்லப்படுவதை உயர்த்துவதற்காகச் செய்யப்பட்டது. இருதய இடர் மிகுந்த 15,067 பேரிடம் இதைச் சோதித்தனர். ஓராண்டில் நல்ல கொழுப்பு 72 சதவிகிதம் உயர்ந்தது; தீய கொழுப்பு 25 சதவிகிதம் இறங்கியது. இரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் பார்த்தவர்கள் இதைவிடச் சிறந்த மருந்து இல்லை என்றே சொல்லியிருப்பார்கள். ஆனால் மேல் அழுத்தம் 5.4 அலகு ஏறிவிட்டது. இறந்தவர்களைக் கணக்கிட்டபோது, மருந்து உண்டவர்களில் 93 பேர். உண்ணாதவர்களில் 59 பேர். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் சோதனையை அவசரமாக நிறுத்தினர். மருந்து கடைக்கு வரவேயில்லை. கொழுப்பு மருந்தொன்றைச் சோதிக்கும்போது அழுத்தத்தையும் விடாமல் அளக்க வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டுவதில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். அழுத்த மாத்திரைகளில் நம் பக்கத்தில் மிகுதியாக வழங்குவது அம்லோடிபின். இதை உண்பவர் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையையும் உண்டால், சிம்வாஸ்டாட்டினின் அளவு இரத்தத்தில் ஏறித் தசைகளுக்குத் தீங்கு நேரலாம். ஆதலால் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது சிம்வாஸ்டாட்டின் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2011இல் எச்சரித்தது. ஓரிடத்தில் அழுத்தத்திற்கும், நகரத்துக்குப் போனபோது வேறோர் இடத்தில் கொழுப்புக்கும் மருந்து வாங்குவோர், இரண்டு சீட்டுகளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைத்தால் பெயர் தெரியாமற்போய்விடும்.

தசை வலி வந்தால் என்ன செய்வது? ஸ்டாட்டினால் தசை வலி வருவது உண்மை. ஆனால் வருகின்ற வலியெல்லாம் ஸ்டாட்டினால் வந்தது அன்று. மேலே சொன்ன 10,305 பேரின் சோதனையிலேயே இதற்கு வேடிக்கையான சான்று கிடைத்தது. எந்த மாத்திரை என்று தெரியாமல் உண்டபோது, தசை வலி சொன்னவர்கள் இரு சாராரிலும் ஏறக்குறைய சமம். உண்பது ஸ்டாட்டின்தான் என்று தெரிந்து உண்ட பிற்காலத்தில், உண்டவர்களிடத்தில் வலி கூடிற்று. எனினும் நாற்று நட்ட களைப்பைப் போலல்லாமல், காரணமின்றி உடம்பு முழுதும் கடுமையாக வலித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருவுற்றிருப்பவரும் பிள்ளைப் பேற்றை எதிர்நோக்குபவரும் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மாரடைப்புக்குரிய நெஞ்சுவலியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் நமது மாநிலத்தில் 2023இல் தொடங்கியது. அம்மாத்திரைகளுள் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்று. அந்த வேளையில் அதைக் கொடுப்பது அழுத்தத்தைக் குறைப்பதற்காக அன்று என்பதை இதுவரை படித்தவர்கள் எளிதில் உணர்வார்கள்.

அழுத்த மாத்திரை வேலை செய்கிறதா என்பதைக் கையில் கட்டும் பட்டை சொல்லும். ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து, பேசாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்தால் போதும். கொழுப்பு மாத்திரை வேலை செய்கிறதா என்பதை அந்தப் பட்டை சொல்லாது. மருந்து தொடங்கி நான்கு முதல் பன்னிரண்டு வாரத்திற்குள் ஒரு முறை இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும். அடுத்த முறை சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது அச்சோதனை எப்பொழுது என்று கேட்டு, தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.